முளைத்து வருவது களையா, பூச்செடியா?

ஐப்பசி மழை இரண்டு நாள் பிடித்து ஓய்ந்தால் போதும், பூப்பாத்தி முழுக்கப் பச்சை கட்டிவிடும். புரட்டாசிக் கடைசியில் தூவிய காசித்தும்பை, செண்டுமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் அந்தப் பச்சைக்குள்தான் எங்கோ இருக்கின்றன. முளைத்ததில் முக்கால்வாசி நாம் விதைக்காதவை. இந்த நேரத்தில் சிலர் களைக்கொட்டை எடுத்து மொத்தத்தையும் வழித்துவிட்டு நர்சரிக்குப் போய் நாற்று வாங்கி வருவார்கள். சிலர் எதைத் தொட்டாலும் பாவம் என்று விட்டுவிட்டு, கார்த்திகை பிறந்ததும் பாத்தி எங்கே என்று தேடுவார்கள்.

தோட்டம் போடுகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் இந்த மாதத்தில் வாட்ஸப்பில் எனக்கு அனுப்புகிற படங்கள் எல்லாம் ஒரே ரகம். ஈர மண், நடுவில் இரண்டே இரண்டு குட்டி இலை, கீழே ‘இது என்ன செடி?’ என்று ஒரு கேள்வி. அந்த வயதில் பல செடிகளுக்குப் பெயர் சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் என் கட்சி. பாத்தியில் முளைக்கிற ஐம்பது வகையையும் அடையாளம் தெரிந்தால்தான் களை எடுக்க முடியும் என்றால் யாரும் தோட்டம் போட முடியாது. நாம் விதைத்தவை முளைக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். ஒரு நாள்கூடத் தங்க விடக்கூடாத நாலைந்து களைகளைத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்குள் தானே முகம் காட்டிவிடும்.

ஏன் இரண்டு வாரம்? மண்ணை முட்டிக்கொண்டு முதலில் விரிகிற இரண்டும் விதையிலைகள். விதைக்குள்ளேயே மடிந்து கிடந்தவை. செடியின் சாயல் அவற்றில் அநேகமாக இருக்காது. கடுகு, முள்ளங்கி, முட்டைகோஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பாருங்கள், விதையிலையை வைத்துப் பிரிப்பது பெரும்பாடு. அதற்கு மேல் வருகிற அடுத்த இலைகள்தான் அந்தச் செடியின் சொந்த இலை. விளிம்பு, நரம்பு, ரோமம், வாசனை எல்லாம் அதில்தான் தொடங்கும். நாலு சொந்த இலை வரும்வரை பொறுத்தால் முக்கால்வாசிக் குழப்பம் போய்விடும்.

விதையிலை ஒன்றுமே சொல்லாது என்றும் இல்லை. விதை பெரிதாக இருந்தால் விதையிலையும் பெரிதாக இருக்கும். அந்திமந்தாரை விதை மிளகு அளவு; அதனால் அதன் விதையிலைகள் அகலமாக, தடிப்பாக, எடுத்த எடுப்பிலேயே பாத்தியில் தனியாகத் தெரியும். அதே குடும்பத்தைச் சேர்ந்த மூக்கிரட்டைக்கும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான், ஆனால் பொடி அளவில் இருக்கும். ஆகவே விதை பாக்கெட்டைத் தூக்கிப் போடும் முன் உள்ளங்கையில் கொட்டி ஒரு முறை அளவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டது கம்பு அளவு விதை என்றால், கடுகில் பாதி அளவில் விரிந்திருக்கும் இலைக்காக உருக வேண்டியதில்லை.

காசித்தும்பையில் சிரமமே கிடையாது. உருண்டையான, சதைப்பற்றுள்ள விதையிலை, அதைத் தாங்குகிற தண்டு நீர் கோத்து உள்ளே தெரிகிற மாதிரி இருக்கும். அந்தத் தண்டு சிவந்திருந்தால் ரோஸோ சிவப்போ பூக்கும். வெளிர்பச்சையாக இருந்தால் அநேகமாக வெள்ளை. போன வருடம் காய் வெடித்த இடத்தைச் சுற்றித்தான் கூட்டமாக முளைக்கும், இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். நித்தியகல்யாணியும் அப்படித்தான், தாய்ச்செடிக்குப் பக்கத்தில், சிமென்ட் விரிசலில், தொட்டியின் ஓரத்தில். இதில் ஒரு பொது விதி கிடைக்கிறது: தோட்டம் முழுக்க, நடைபாதை ஓரம், வேலிக்கு வெளியே என்று எங்கும் ஒன்றுபோல முளைத்திருப்பது களை. பாத்தியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கூடி முளைத்திருப்பதைச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டுவையுங்கள்.

தகராறு வருவது செண்டுமல்லி, செவ்வந்தி, பார்த்தீனியம் மூன்றுக்கும் நடுவில். மூன்றும் ஒரே சூரியகாந்திக் குடும்பம், மூன்றுக்கும் வெட்டு வெட்டான இலை. செண்டுமல்லியின் விதையிலை குறுகலாக, நீளமாக இருக்கும். கறுப்பு ஊசி மாதிரியான விதையின் தோல் சில நாள் அதன் நுனியிலேயே தொங்கும். தண்டு சட்டென்று நிமிர்ந்து நிற்கும், அடியில் பெரும்பாலும் செவ்வூதா சாயல். முதல் சொந்த இலையே சிறகாகப் பிரிந்துதான் வரும், எதிரெதிரே ஜோடியாக வரும், தேய்த்தால் பூவின் அதே காட்டமான வாசனை. பார்த்தீனியம் இதற்கு நேர்மாறு. ஆரம்பத்தில் மேலே எழும்பாது. தரையோடு தரையாக இலைகளை வட்டமாகப் பரப்பிக்கொண்டு படுக்கும். முதல் ஓரிரு இலைகள் பிளவில்லாமல் கரண்டி போல இருக்கும், அடுத்தடுத்து வருகிறவைதான் ஆழமாகப் பிளந்திருக்கும். பச்சையில் ஒரு சாம்பல் பூத்த மங்கல், தடவினால் மெல்லிய ரோமம்.

தடவினால் என்று சொல்லிவிட்டேன், வெறும் கையால் தடவ வேண்டாம். பார்த்தீனியம் பலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தரும், பூக்கும் காலத்தில் மூச்சுத் தொல்லையும் உண்டு. ஆகவே மோந்து பார்க்கிற சோதனையை உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த செண்டுமல்லிச் செடியில் செய்து பழகுங்கள், சந்தேகச் செடியில் செய்யாதீர்கள். இந்தியாவில் பார்த்தீனியத்தை 1955-56 வாக்கில் புனேயில் அடையாளம் கண்டு பதிவு செய்தார்கள். அப்புறம் நாடு முழுக்கப் பரவியது ஊரறிந்த கதை. 1984இல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வெளிர் மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடு போட்ட அந்த வண்டும் அதன் புழுவும் பார்த்தீனிய இலையைச் சல்லடையாக்கும். மழைக்காலத்தில் உங்கள் தெருவிலும் பார்க்கலாம். ஆனால் வண்டு வந்து தின்னட்டும் என்று பூப்பாத்தியில் விட்டுவைக்க முடியாது, ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கையுறை போட்டு, பூக்கும் முன்னால், வேரோடு எடுக்க வேண்டும்.

செவ்வந்தியைப் பிரிக்க இலையைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நம் ஊர்களில் செவ்வந்தியை விதை போட்டு வளர்ப்பவர்கள் குறைவு. வேர்ப்பக்கத்தில் கிளம்புகிற பக்கக்கன்றைத்தான் பிரித்து நடுகிறோம். தாய்த்தூரிலிருந்து விலகி, தனியாக ஓரிடத்தில், விதையிலையோடு ஒன்று முளைத்திருந்தால் அது செவ்வந்தியாக இருக்க வழியில்லை. இலையை உற்றுப் பார்த்துக் குழம்புவதற்கு முன்னால் ‘இது இங்கே எப்படி வந்திருக்கும்?’ என்று கேட்பது நல்ல பழக்கம்.

கோழிக்கொண்டைக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடித்த வழக்கு. பாத்தியில் சிவப்பு அடிப்புறத்தோடு சின்னச் சின்ன நீள விதையிலைகள் வரிசையாக விரியும்போது கோழிக்கொண்டையா குப்பைக்கீரையா என்று யாராலும் உடனே சொல்ல முடியாது. இரண்டும் கீரைக் குடும்பம். முதல் சொந்த இலையின் நுனியைப் பாருங்கள். குப்பைக்கீரையில் அந்த நுனி உள்வாங்கி, சின்னதாக நகம் பதித்த மாதிரி ஒரு வெட்டு இருக்கும். கோழிக்கொண்டையில் நுனி கூராக முடியும். சரி, முடிந்தது என்று நினைக்கும்போது மூன்றாவது ஆள் வருகிறான்: பண்ணைக்கீரை. மானாவாரிக் காடுகளில் சோளத்துக்கும் கடலைக்கும் நடுவில் வெள்ளியும் ரோஸும் கலந்த கதிரோடு நிற்குமே, அது. அதன் இலையும் கூர்தான். காரணம் எளிது. தாவரவியல் கணக்கில் பண்ணைக்கீரையும் கோழிக்கொண்டையும் ஒரே இனம். காட்டில் களை, நம் பாத்தியில் பூ, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் தெருவில் தோட்ட வேலைக்கு வருகிற ஒரு அக்கா உண்டு. சின்ன வயதிலிருந்து வயலில் களை எடுத்தவர். இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன்.

“இப்பப் பிரிக்க முடியாதும்மா. முழங்கால் உசரம் வரட்டும். கொண்டையா இருந்தா தலை தட்டையா அகலும், கீரையா இருந்தா குச்சி குச்சியாப் போகும். கீரைன்னு தெரிஞ்சா கடைஞ்சுட வேண்டியதுதானே?”

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? இலையை வதக்கியோ கடைந்தோ தின்ன முடிகிற களையைக் கண்டு பதற்றப்பட ஒன்றுமில்லை.

தரையோடு படர்கிற கூட்டத்தில் இன்னொரு குழப்பம். டேபிள் ரோஸ் என்று நாம் சொல்கிற பத்துமணிப்பூ, பருப்புக்கீரை, சாரணை, சித்திரப்பாலாடை நான்கும் சின்னதில் சிவந்த தண்டோடு படுத்துக் கிடக்கும். டேபிள் ரோஸின் பழைய ரகத்துக்கு ஊசி போன்ற உருண்ட இலை, கணுவில் வெள்ளை ரோமம். அது எளிது. தட்டை இலை ரகம் வைத்திருப்பவர்கள்தான் பருப்புக்கீரையோடு மல்லுக்கட்ட வேண்டும். சித்திரப்பாலாடையைக் கிள்ளினால் பால் வரும், மற்ற மூன்றில் வராது. சாரணைக்கு ஒரு விசேஷ அடையாளம் உண்டு: ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இந்த ஏற்றத்தாழ்வு செடி குட்டியாக இருக்கும்போதே தெரியும். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு தப்பாது.

சாரணையை என் ‘உடனே பிடுங்க வேண்டிய’ பட்டியலில் வைத்திருக்கிறேன். முளைத்து ஒரு மாதத்துக்குள் பூத்து விதை கொட்டத் தொடங்கிவிடும், இரண்டு வாரம் பொறுக்கிற சலுகை இதற்குக் கிடையாது. பருப்புக்கீரை வேறு மாதிரித் தொல்லை. பிடுங்கி ஈர மண்ணில் அப்படியே போட்டால் படுத்த இடத்திலேயே மறுபடி வேர் விடும். கானாவாழை இன்னும் கெட்டிக்காரி. மேலே நீலப் பூ பூப்பது எல்லோருக்கும் தெரியும். மண்ணுக்கடியிலும் அது விரியாத பூக்களை வைத்து, அங்கேயே விதை கட்டுகிறது. மேலே எவ்வளவு சுத்தமாகக் கிள்ளினாலும் அடுத்த மழைக்கு ஏன் வருகிறது என்று புரிகிறதா?

புல் மாதிரி வருகிறவற்றில் பெரிய ஏமாற்றுக்காரன் கோரை. மழை லில்லிக் கிழங்கும் சம்பங்கிக் கிழங்கும் வைத்த பாத்தியில் பச்சை ஈர்க்காக எது எழுந்தாலும் மனசு துள்ளும். இலையை இரண்டு விரலில் பிடித்து மெல்ல உருட்டிப் பாருங்கள். மழை லில்லி இலை தட்டையாக, மெதுவாக, வழவழப்பாக இருக்கும், நடுவில் எடுப்பான நரம்பு இல்லை. கோரை இலை நடு நரம்பில் மடிந்து பளபளக்கும், அடியில் இலைகள் மூன்று பக்கமாகப் பிரிந்து நிற்கும். பூந்தண்டு வந்துவிட்டால் உருட்டவே முடியாது, மூன்று விளிம்பு விரலில் இடிக்கும். சம்பங்கி இலை இரண்டையும்விடத் தடிமன், அடிப்பாகத்தில் லேசான செம்மை.

1977இல் வெளியான, உலகின் மிக மோசமான களைகளின் வரிசையில் கோரைக்குத்தான் முதலிடம். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். கிழங்கு கீழே, அந்தக் கிழங்கிலிருந்து நூல் போன்ற தண்டில் இன்னொரு கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று. பெரும்பாலும் அரை அடி ஆழத்துக்குள் இந்தச் சங்கிலி ஓடும். மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையோ மண்கொத்தியோ வைத்து மண்ணைப் பெயர்த்து, உதிர்த்து, கிழங்கைப் பொறுக்க வேண்டும். அருகம்புல்லுக்கும் இதே வைத்தியம்தான். ரோட்டரி உழவு இயந்திரத்தைக் கோரைப் பாத்தியில் ஓட்டினால் சங்கிலியை அறுத்து, ஒவ்வொரு துண்டையும் தனிச் செடியாக்கி விட்டுப் போகும்.

அந்த அக்காவிடம் வயல் கதை கேட்டபோது இன்னொன்று சொன்னார். நாற்றில் குதிரைவாலிப் புல் கலந்து வரும்போது, மேலே பார்த்தால் நெல்லாகவே தெரியும், தூரைப் பிரித்து இலை தண்டில் சேருகிற இடத்தைப் பார்த்தால்தான் பிடிபடும் என்றார். அந்த இடத்தில் நெல்லுக்கு மெல்லிய வெள்ளைச் சவ்வு நாக்கும், ரோமமுள்ள சின்னச் செவிகளும் உண்டு. குதிரைவாலிப் புல்லுக்கு இரண்டுமே இல்லை. ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் வாவிலோவ் ஆராய்ந்த ஒரு விஷயம் இங்கே பொருந்துகிறது. வித்தியாசமாகத் தெரிகிற களையை மனிதர்கள் பிடுங்கிவிடுகிறார்கள், பயிரைப் போலவே இருக்கிற ஒன்றிரண்டு தப்பி விதை போடுகின்றன. நூற்றுக்கணக்கான வருடம் இதுவே நடந்தால் களை பயிரின் வேஷத்தையே பரம்பரையாகப் பெற்றுவிடும். ரை (rye) என்கிற தானியம்கூடக் கோதுமை வயலில் களையாக இருந்து, இப்படி மாறி மாறிப் பயிரானதுதான். ஆக, நாம் ஏமாறுகிறோம் என்றால் நம் கண்ணின் குறை மட்டுமில்லை. எதிர்த்தரப்பும் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி எடுத்திருக்கிறது.

இவ்வளவும் எங்கிருந்து வருகின்றன? மனை நிரப்ப வாங்குகிற செம்மண் லோடுதான் முதல் சந்தேகம். பார்த்தீனிய விதையும் கோரைக்கிழங்கும் அதில் இலவச இணைப்பு. அடுத்து, சரியாக மக்காத தொழுவுரம். ஆட்டுப்புழுக்கை நல்ல உரம்தான், ஆனால் சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் அதன் விதை சேதமில்லாமல் இருக்கும். பாத்தியில் கொன்றைக் கன்று போல ஒன்று எழுந்தால், மயில்கொன்றை என்று மகிழ்வதற்கு முன் கணுவில் முள் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போதே ஆணிவேர் ஆழத்துக்குப் போயிருக்கும்.

ஏற்கெனவே மண்ணில் உறங்குகிற விதைகளோ கணக்கில்லாதவை. அமெரிக்காவின் மிச்சிகனில் 1879இல் வில்லியம் பீல் என்கிற தாவரவியல் பேராசிரியர், களை விதைகளை ஈர மணலோடு கலந்து 20 பாட்டில்களில் போட்டுப் புதைத்தார். இத்தனை வருடத்துக்கு ஒன்று என்று தோண்டியெடுத்து முளைக்கப் போடுவதாக ஏற்பாடு. 2021இல் எடுத்த பாட்டிலிலும், 142 வருடம் கழித்து, ஒரு களையின் விதை முளைத்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாத்தியை ஆழமாகக் கொத்திப் புரட்டுகிற ஆசை எனக்குக் குறைந்துவிட்டது. பல களை விதைகளுக்கு ஒரு நொடி வெளிச்சம் பட்டாலே போதும், விழித்துக்கொள்ளும். புரட்டுகிறோம் என்றால் அவற்றை எழுப்புகிறோம் என்று அர்த்தம். கோரைக்காகத் தோண்டுவது தவிர மற்ற நேரத்தில் மேலோட்டமாகச் சுரண்டி எடுப்பதே மேல்.

விதைக்கும் முன்னால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால், அடையாளம் பார்க்கிற வேலையே பாதியாகும். பாத்தியைத் தயார் செய்து, விதைக்காமல் தண்ணீர் மட்டும் விட்டு ஒரு பத்து நாள் சும்மா வைத்திருங்கள். மேல்மண்ணில் இருக்கிற களை எல்லாம் முளைக்கும். அதை மேலாகச் சுரண்டிவிட்டு, மண்ணைக் கிளறாமல் விதைக்கலாம். விதைக்கும்போது தூவாமல் கோடு போட்டு வரிசையாக விதைக்கலாம். பூப்பாத்தியில் வரிசை அழகாக இருக்காது என்பார்கள். நாற்று வந்த பிறகு பிடுங்கி எங்கே வேண்டுமானாலும் மாற்றி நடலாமே. வரிசையில் வருவது நம்முடையது, வரிசைக்கு வெளியே வருவது களை, அவ்வளவுதான் கணக்கு. இதோடு, அதே பாக்கெட்டிலிருந்து நாலு விதையை ஒரு தேங்காய்ச் சிரட்டையிலோ பழைய தயிர் டப்பாவிலோ, களை விதை இல்லாத கோகோபீட்டில் போட்டு வையுங்கள். பாத்தியில் சந்தேகம் வரும்போதெல்லாம் டப்பாவைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அலைபேசியில் செடியின் பெயர் சொல்கிற செயலிகள் பூத்த செடிக்குச் சுமாராகச் சொல்கின்றன. விதையிலைப் பருவத்தில் அவற்றை நம்பிப் பிடுங்க வேண்டாம்.

எல்லாக் களையையும் எடுத்தே தீர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் இல்லை. தும்பை ஓரத்தில் நின்றால் நிற்கட்டும். கிணற்றடிப்பூண்டின் சின்னப் பூவுக்கு வருகிற வண்ணத்துப்பூச்சிகள், காசு கொடுத்து வாங்கிய சீமைப் பூவுக்கு வருவதில்லை. மணத்தக்காளி முளைத்தால் பாத்தியிலிருந்து கிளப்பி வேலியோரம் வைத்துவிடுவேன், வத்தக்குழம்புக்கு ஆகும். நாயுருவிக்கு மட்டும் இந்தக் கருணை கிடையாது. கதிர் முற்றினால் விதை சேலையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

பிடுங்கியதை எங்கே போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூக்காத களை எல்லாம் தாராளமாக உரக்குழிக்குப் போகலாம். பூத்த பார்த்தீனியமும் விதை கட்டிய சாரணையும் போகக்கூடாது. வீட்டு உரக்குழியின் சூடு அந்த விதைகளைக் கொல்லும் என்று நம்ப முடியாது. பருப்புக்கீரையையும் கானாவாழையையும் சிமென்ட் தரையில் பரப்பி நன்றாக வாடவிட்டு அப்புறம் போடுங்கள். கோரைக்கிழங்கு மொட்டை மாடிக்கு. மழை விட்ட வெயிலில் உள்வரை காய்ந்துவிட்டால் அது முளைக்காது. காய்ந்ததைக் கழுவி, நசுக்கி மோந்து பாருங்கள், நல்ல வாசம் வரும். குளியல் பொடி அரைக்கிறவர்கள் யாராவது தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொள்வார்கள்.